அறியாப் பாலனும் வாக்குச்சாவடியும்

வாக்களிக்கச் செல்லும் தாயோ தந்தையோ குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டின் எந்த வாக்குச்சாவடி வரிசையிலும் காணக்கூடியதே என்றாலும், கட்சிகளும் தலைவர்களும் கூட்டணிகளும் பேசப்படும் அளவுக்குத் தேர்தல் வரலாற்றில் அது பேசப்படுவதில்லை. எந்த ஆணையாலும் தொடங்கி வைக்கப்படாத, எந்த இயக்கமும் முன்னின்று பரப்பாத இந்த வழக்கத்தின் பின்னால் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. குழந்தையின் கள்ளமின்மையை நடுநிலைக்குச் சான்றாக எடுத்துக்கொண்ட பழைய நம்பிக்கை ஒன்று. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததால் ஏற்பட்ட நடைமுறைத் தேவை மற்றொன்று. வாக்கின் கமுக்கத்தைக் காக்க வேண்டிய சட்டத்தின் எச்சரிக்கை மூன்றாவது. தேர்தல் நடக்கும் இடத்தில் குழந்தைக்கு நெடுங்காலமாகவே ஓர் இடம் இருந்து வந்துள்ளது என்பதையும், அந்த இடம் அது எதையும் அறியாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே தரப்பட்டது என்பதையும் இம்மூன்றையும் சேர்த்து நோக்கும்போது காணலாம்.

குடத்தில் கைவிட்ட சிறுவன்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் என இன்று அழைக்கப்படும் மண்டபத்தின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் ஆட்சிக்குழுவான சபை, தன் வாரியங்களுக்கு, அதாவது ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றைக் கவனிக்கும் செயற்குழுக்களுக்கு, ஆண்டுதோறும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முறையை அவை வகுத்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, இன்றைய சொல்லில் வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராய், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருப்பவராய், வேதப் பயிற்சி உள்ளவராய், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திராதவராய் இருப்போரின் பெயர்கள் மட்டுமே ஓலைகளில் எழுதப்பட்டன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் விலக்கப்பட்டதோடு, அவருடைய மக்களும் நெருங்கிய உறவினரும்கூட விலக்கப்பட்டனர் என்பதால், தந்தையின் குற்றம் பிள்ளையின் தகுதியையும் பறித்தது.

கல்வெட்டில் சிறுவன் வரும் இடம் அடுத்து வரும் செய்முறைப் பகுதியாகும். இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை முழுவதும் கூட்டப்பட வேண்டும் என்றும், அன்று ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயிற் பூசகர், ஒருவரும் விடுபடாமல் உள்மண்டபத்தில் இருத்தப்பட வேண்டும் என்றும் விதித்த பின், அவர்களுள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணுமாறு உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும் எனக் கல்வெட்டு கூறுகிறது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனித்தனிக் கட்டாகக் கட்டப்பட்டு, இன்ன குடும்பு எனக் காட்டும் வாயோலை மேலே பூட்டப்பட்டு, அக்குடத்துள் இடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலைத்து, மீண்டும் அதே பாலனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்து, அதனை மத்தியஸ்தன் என்னும் நடுவன் கையில் கொடுக்கச் செய்தனர். நடுவனும் ஓலையை மூடிய கையால் வாங்கிவிட முடியாது. ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசித்து, அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதை மீண்டும் வாசித்த பின்னரே அப்பெயர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இவ்வாறு 30 குடும்புகளுக்கும் 30 பேர் எடுக்கப்பட்டு, ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 எனப் பங்கிடப்பட்டனர்.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொருவர் மீதும் ஓர் ஐயம் பதிந்திருப்பதை உற்று நோக்கினால் உணரலாம். மூத்த நம்பி குடத்தை மறைத்துவிடக்கூடும் என்பதால் அவர் அதை உயர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவன் ஓலையை மாற்றிவிடக்கூடும் என்பதால் அவன் விரல்களை விரிக்க வேண்டியிருந்தது. வாசிப்பவன் பெயரைத் திரித்துவிடக்கூடும் என்பதால் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. அந்த மண்டபத்தில் கண்காணிப்பு எதுவும் விதிக்கப்படாத ஒரே ஆள் அந்தச் சிறுவன்தான். அவன் வேதம் அறியான், நிலம் உடையன் அல்லன், வாரியத்துக்கு வரும் வயதினனும் அல்லன். அவனிடம் எதிர்பார்க்கப்பட்ட ஒரே தகுதி அறியாமை. உத்திரமேரூர் முறையை மக்களாட்சியின் தாய் எனப் போற்றுவோர், அது பிராமண ஊரொன்றின் சொத்துடைய ஆண்களுக்குள் நடந்த சீட்டெடுப்பே என்பதையும், பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் அதில் இடமிருக்கவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும் பெரியவர்களின் தன்னலத்துக்கு மாற்றாகக் குழந்தையின் கையை நாடிய எண்ணம் அந்த ஊரோடு முடிந்துவிடவில்லை.

சீட்டும் பூவும்

முடிவெடுக்க இயலாத இடத்தில் குழந்தையின் கையை நாடுவது தமிழ் வழக்கில் நன்கு வேரூன்றியது. வெவ்வேறு நிறப் பூக்களைத் தனித்தனியே இலையில் மடித்துத் தெய்வத்தின் முன் வைத்து, ஒரு குழந்தையை அழைத்து ஒரு பொட்டலத்தை எடுக்கச் செய்து, வந்த பூவின் நிறத்தைக் கொண்டு திருமணம், வீடு, பயணம் முதலியவற்றைத் தீர்மானிக்கும் ‘பூக்கட்டிப் பார்த்தல்’ என்ற வழக்கம் இன்றும் ஊர்க் கோயில்களில் நடைபெறுகிறது. கேரளத்துச் சபரிமலையில் ஆண்டுதோறும் மேல்சாந்தி எனப்படும் தலைமைப் பூசகர் தேர்ந்தெடுக்கப்படும்போது, பந்தளம் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிறுவரே வெள்ளிக் குடத்திலிருந்து சீட்டெடுக்கின்றனர். மகாராஷ்டிரத்தின் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு முன்பாக, எந்த வார்டு பெண்களுக்கு, எந்த வார்டு பட்டியல் சாதியினருக்கு என ஒதுக்கும் குலுக்கல் நடக்கையில், கட்சிக்காரர் நிறைந்த அரங்கின் மேடையில் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திச் சீட்டெடுக்கச் செய்வதும் வழக்கமாக உள்ளது.

குடத்தில் ஓலையிட்டு எடுத்த அந்தக் குடவோலை முறையின் எச்சம் இந்தியாவின் தேர்தல் சட்டத்திலும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, இரு வேட்பாளர்கள் சம வாக்குகள் பெற்றால், தேர்தல் நடத்தும் அலுவலர் அங்கேயே குலுக்கல் நடத்தி முடிவு செய்ய வேண்டும். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றவராகக் கருதப்படுவார். லட்சக்கணக்கானோர் சிந்தித்து அளித்த வாக்குகள் சமமாக நின்றுவிட்டால், எதையும் சிந்திக்காத ஒரு சீட்டே தீர்ப்பு வழங்குகிறது.

இடுப்புக் குழந்தையோடு வந்த உரிமை

சீட்டெடுக்கும் சிறுவனுக்கும் வாக்காளரின் இடுப்பில் வரும் குழந்தைக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. முன்னவன் ஊரால் அழைக்கப்பட்டு ஒரு பணியைச் செய்தவன். பின்னது வீட்டில் விட்டுவர ஆளில்லாமையால் வந்து சேர்ந்தது. எனவே வாக்குச்சாவடியில் குழந்தை தோன்றிய வரலாறு, பெண்கள் அங்கே வந்த வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாததாகும்.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1920 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தபோது, ஏறத்தாழ 4 கோடி மக்களுள் சுமார் 12.5 லட்சம் பேருக்கே வாக்குரிமை இருந்தது. நிலவரி, நகராட்சி வரி முதலியவற்றைக் கொண்டு அளவிடப்பட்ட அந்த உரிமை ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதைச் செய்ததில் சென்னையே முந்தியது. ஆயினும் சொத்துத் தகுதி அப்படியே நீடித்ததால், தம் பெயரில் நிலமோ வீடோ உடைய மிகச் சில பெண்களே அதனால் பயன்பெற்றனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவையும் கணவனின் சொத்தையும் பெண்ணுக்குரிய தகுதிகளாக ஏற்று இந்த எண்ணிக்கையைச் சற்று விரித்தது. 1937இல் அச்சட்டத்தின்படி நடந்த தேர்தலில் சென்னை மாகாணத்தில் வண்ணப் பெட்டிகள் பயன்படுத்தப்பட்டு, காங்கிரசுக்கு மஞ்சள் நிறம் கிடைத்ததால், ‘மஞ்சள் பெட்டி’ என்பதே அக்கட்சியின் பெயர்போல வழங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டின் எதிர்பாராத விளைவு, அரிச்சுவடி தொடங்காத குழந்தைக்கும் தேர்தல் புரியத்தக்கதாக மாறியதுதான்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இந்த மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையை அடுத்து 1931இலேயே 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் சொத்துத் தகுதியின்றி வாக்குரிமை வழங்கப்பட்டது. அங்கும் சட்டமன்றமாகிய அரசுப் பேரவைக்கு நடந்த தேர்தல்களில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, நிறம் பூசிய பெட்டிகளில் வாக்குச் சீட்டு இடப்பட்டது. எனினும் தன்னாட்சி போதாதென்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் விடுத்த அழைப்பால் வடபகுதித் தமிழர் தொகுதிகள் அந்த முதல் தேர்தலைப் புறக்கணித்தமையால், அப்பகுதித் தாய்மாருக்கு அந்த அனுபவம் பிந்தியே வாய்த்தது.

‘இன்னாரின் தாய்’

சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடைபெற்றது. 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். பட்டியல் தயாரிக்க வீடு வீடாகச் சென்ற கணக்கெடுப்பாளர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு, தாய்க்கும் குழந்தைக்கும் தேர்தலில் உள்ள உறவை எதிர்த்திசையிலிருந்து காட்டுகிறது. அயலாரிடம் தம் பெயரைச் சொல்லத் தயங்கிய பெண்கள், ‘இன்னாரின் தாய்’, ‘இன்னாரின் மனைவி’ என்றே தம்மைக் குறிப்பிட்டனர். பட்டியலிலும் அவ்வாறே எழுதப்பட்டது. அதாவது குழந்தையின் பெயரே தாயின் அடையாளமாக அரசின் ஏட்டில் ஏறியது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையிலான ஆணையம் இதை ஏற்கவில்லை. சொந்தப் பெயரால் பதியப்படாதவர் வாக்காளராக இருக்க முடியாது என்று அது உறுதியாக நின்றதால், பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் வசித்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

அன்று கடுமையாகத் தோன்றிய அந்த முடிவின் பயனை இன்றைய வாக்குச்சாவடியில் காணலாம். பிள்ளையின் பெயரைச் சேர்த்தே அண்டை வீட்டாரால் அழைக்கப்படும் ஒரு பெண்ணின் முழுப்பெயரை, பட்டியலின் வரிசை எண்ணோடு அரசு அலுவலர் ஒருவர் உரக்க வாசிப்பதையும், எதிரே அமர்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தத்தம் பட்டியலில் அதைத் தேடிக் கோடிடுவதையும் அவளுடைய குழந்தை அருகிலிருந்து கேட்கிறது. தாய்க்கெனத் தனிப்பெயர் உண்டு என்பதை அரசு அறிவிக்கும் சில இடங்களுள் வாக்குச்சாவடியும் ஒன்று.

முதற் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. மறைப்புக்குள் சென்று, எந்தக் குறியும் இடாத சீட்டை விருப்பமான பெட்டியில் போடுவதே வாக்களிப்பு. 1962 பொதுத் தேர்தலுக்குள் பெரும்பாலான தொகுதிகளில் இம்முறை மாறி, எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, தலைமை அலுவலரின் கண்ணெதிரே உள்ள பொதுப் பெட்டியில் இடும் முறை நிலைபெற்றது. இதன் விளைவாக வாக்களிப்பு என்ற செயல் இரண்டாகப் பிரிந்தது. முத்திரை குத்துவது மறைவிலும், சீட்டைப் பெட்டியில் இடுவது பலர் முன்னிலையிலும் நடந்ததால், உடன் வந்த குழந்தை கமுக்கத்தைக் குலைக்காமலே வாக்களிப்பின் ஒரு பாதியைக் காண இயன்றது.

‘கைக்குழந்தை’ என்ற சட்டச் சொல்

வாக்குச்சாவடிக்குள் யார் நுழையலாம் என்பதை 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் பட்டியலிட்டுக் கூறுகின்றன. வாக்குச் சீட்டு முறைக்கு 32ஆம் விதியும், வாக்குப்பதிவு இயந்திர முறைக்கு 49டி விதியும் பொருந்தும். இரண்டின் உள்ளடக்கமும் ஏறத்தாழ ஒன்றே. வாக்குப்பதிவு அலுவலர்கள், பணியிலுள்ள அரசு ஊழியர், ஆணையத்தின் அனுமதி பெற்றோர், வேட்பாளர்களும் அவர்தம் முகவர்களும் என நீளும் அப்பட்டியலில், வாக்காளருடன் வரும் ‘கைக்குழந்தை’யும், பிறர் துணையின்றி நடமாட இயலாத வாக்காளருக்கு உதவியாக வருபவரும் இடம்பெறுகின்றனர். இவர்களைத் தவிர்த்த மற்றவரை வெளியே நிறுத்துவது தலைமை அலுவலரின் கடமையாகும். அலுவலர்களுக்கான கையேடு, கைக்குழந்தையுடன் வரும் பெண்களையும் உடல்நலம் குன்றியோரையும் வரிசையில் முன்னுரிமை தந்து அனுப்பலாம் எனவும் அறிவுறுத்துகிறது.

கைக்குழந்தை என்றால் எத்தனை வயது வரை என விதி வரையறுக்கவில்லை. கையில் ஏந்தி வரப்படுவது என்பதே அச்சொல்லின் பொருள். வயதை எண்ணால் சொல்லாமல் சுமக்கப்படும் நிலையால் சொல்லியிருப்பதன் கருத்து, தாயிடமிருந்து பிரித்து நிறுத்த இயலாத உயிர் அது என்பதே. இதே விதிகளின் 49என் பிரிவோடு இதனை ஒப்பிட்டால் சட்டத்தின் மனம் இன்னும் தெளிவாகும். பார்வையற்றவரோ உடல் தளர்ந்தவரோ தமக்காகப் பொத்தானை அழுத்த ஒரு துணையை மறைப்புக்குள்ளேயே அழைத்துச் செல்லலாம். ஆனால் அத்துணைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவர் அன்று வேறொருவருக்குத் துணையாக இருந்திருக்கக் கூடாது, பார்த்த வாக்கை வெளியிடுவதில்லை என உறுதிமொழியும் அளிக்க வேண்டும். இவ்வாறாக, கமுக்கத்தை அறிந்து காக்கவல்ல பெரியவருக்கும், அறியவே இயலாத மழலைக்கும் கதவு திறந்திருக்கிறது. பார்த்ததைப் புரிந்துகொள்ளவும் வெளியே சென்று சொல்லவும் கூடிய ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைக்கே விதியின் எழுத்தில் இடமில்லை. உத்திரமேரூர்ச் சபை சிறுவனிடம் எதிர்பார்த்த அதே அறியாமையைத்தான் இந்திய விதியும், காரணம் வேறாயினும், எதிர்பார்க்கிறது.

வகுப்பறை வாக்குச்சாவடி

விதியின் எழுத்து இவ்வாறிருக்க, நடைமுறை வேறு வழியில் வளர்ந்ததற்கு வாக்குச்சாவடி அமைந்த இடமும் ஒரு காரணமாகும். தமிழ்நாட்டின் வாக்குச்சாவடிகளுள் மிகப் பெரும்பாலானவை பள்ளிக்கூடங்களே. அவற்றில் பணியாற்றும் அலுவலர்களுள் கணிசமானோர் ஆசிரியர்களே. நூறு மீட்டருக்குள் வாக்குச் சேகரிக்கலாகாது என்பதைக் குறிக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வரும் தாய்க்கு அது அயலிடமாகத் தோன்றினாலும், கையைப் பிடித்து வரும் பிள்ளைக்கு அது நாள்தோறும் பழகிய இடம். பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கப்பட்டு, கரும்பலகையில் பாகம் எண்ணும் வாக்காளர் தொகையும் எழுதப்பட்டிருக்கும். வாய்பாட்டு அட்டைக்கும் உயிர்மெய் எழுத்துப் படத்துக்கும் கீழே, மேசை மீது அட்டை மறைப்பு நிற்கும். முதல் அலுவலர் பெயரை வாசித்து அடையாள அட்டையைச் சரிபார்க்க, இரண்டாமவர் இடக்கைச் சுட்டுவிரலில் மையிட்டுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிச் சீட்டுத் தர, மூன்றாமவர் அச்சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியை அழுத்துவார். அதன் பின் வாக்காளர் மறைப்புக்குள் சென்று பொத்தானை அழுத்த, பதிந்த வாக்கைக் காட்டும் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து மறையும். நீண்ட ‘பீப்’ ஒலி அறை முழுவதும் கேட்கும்.

இந்தக் காட்சியில் சட்டத்தின் கணக்குத் தலைகீழாவதைக் காணலாம். விதி அனுமதிக்கும் கைக்குழந்தை தாயின் இடுப்பில் இருப்பதால், அதன் கண்கள் ஏறத்தாழத் தாயின் கண் மட்டத்தில் நின்று, சின்னங்களின் வரிசையையும் எரியும் சிவப்பு விளக்கையும் நேரே காண்கின்றன. விதி அனுமதிக்காத ஐந்து வயதுப் பிள்ளை தரையில் நிற்பதால், அதற்குத் தெரிவதெல்லாம் மேசைக் காலும் தாயின் சேலைக் கொசுவமும் மட்டுமே. காண்பதற்கு அறிவில்லாதது காண்கிறது, அறிவுள்ளது காண்பதில்லை. இதனால்தான் போலும், கையைப் பிடித்து வரும் சிறு பிள்ளையைப் பெரும்பாலான அலுவலர்கள் தடுப்பதில்லை. சற்று வளர்ந்த பிள்ளையாயின் வாயிலோரம் நிற்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

பிள்ளைகள் உடன்வருவதற்கு வேறு சில ஏற்பாடுகளும் துணைநின்றன. 1996இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறை அளிக்கக் கட்டளையிட்டது. பள்ளிகளுக்கும் அன்று விடுமுறையே. எனவே வீட்டிலுள்ள அனைவரும் ஒருசேர ஓய்ந்திருக்கும் நாளாக அது அமைந்தது. அண்மைக்காலத் தேர்தல்களில் சாய்தளம், குடிநீர், நிழற்பந்தல் ஆகியவற்றோடு, தாய் வரிசையில் நிற்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகமும் வாக்குச்சாவடி வசதிகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக நாடளவில் பெண்களின் வாக்களிப்பு விகிதம் ஆண்களின் விகிதத்தைச் சற்றே கடந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

விரலில் மை

உடன் வரும் பிள்ளையின் கண் முதலில் செல்வது இயந்திரத்தின் மேல் அன்று, மைக் குப்பியின் மேல்தான். ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கும் இந்த அழியாத மை, வெள்ளி நைட்ரேட் என்னும் வேதிப்பொருள் கலந்தது. தோலில் பட்டு ஒளி பட்டதும் கருத்துவிடும் அது, நகம் வளர்ந்தே நீங்க வேண்டும். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சூத்திரத்தைக் கொண்டு, 1962 பொதுத் தேர்தலிலிருந்து, கர்நாடக அரசின் மைசூர் வண்ணப்பூச்சு நிறுவனமே இதைத் தயாரித்து வழங்கி வருகிறது. 1937இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரால் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நகக்கண்ணில் புள்ளியாக இடப்பட்டு வந்த மை, 2006 முதல் நகத்தின் நுனியிலிருந்து முதற் கணுவின் அடிவரை கோடாக இழுக்கப்படுகிறது.

தனக்கும் மை வேண்டும் எனக் கைநீட்டும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. விரலில் ஏற்கெனவே மை இருக்கிறதா எனப் பார்த்த பின்பே ஒருவரை வாக்களிக்க விட வேண்டும் என்பது விதியாகையால், மை என்பது அலங்காரமன்று, உரிமை பயன்படுத்தப்பட்டதற்கான முத்திரையாகும். ஆயினும் விரல் மை குழந்தைக்கு முற்றிலும் அயலானதும் அன்று. 1995 முதல் நாடெங்கும் நடைபெறும் போலியோ சொட்டு மருந்து முகாம்களில், மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் அடையாள மை இடப்படுகிறது. பல ஊர்களில் அந்த முகாமும் அதே பள்ளியிலேயே நடக்கிறது. அரசின் ஏட்டில் இந்தியக் குடிமகன் எண்ணப்படும் இருவேறு தருணங்கள், ஒரே கையின் இரு விரல்களில் பதிகின்றன.

அழைத்து வருவதும் அழைத்துப் போவதும்

தேர்தலில் குழந்தைக்கு இன்னொரு இடமும் இருந்தது. சின்னம் பொறித்த அட்டைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு, நோட்டீசுக்காக ஜீப்பின் பின்னால் ஓடி, ‘போடுங்கம்மா ஓட்டு’ எனத் தெருவெங்கும் முழங்கிய சிறுவர் கூட்டம் தமிழகத் தேர்தல்களின் அடையாளமாகப் பல பத்தாண்டுகள் விளங்கியது. கட்சிகளுக்கு அது செலவில்லாத விளம்பரம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் 2014 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையையும் சுட்டிக்காட்டி, 2024 பிப்ரவரி 5 அன்று தேர்தல் ஆணையம் வெளியிட்ட அறிவுறுத்தல், பிரசாரத்தில் குழந்தைகளை எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது, தலைவர்கள் குழந்தையைக் கையில் ஏந்துவதும் வாகனத்தில் ஏற்றுவதும்கூடக் கூடாது எனத் தடை செய்தது. பெற்றோருடன் வந்த குழந்தை தலைவருக்கு அருகில் நிற்க நேர்வது மட்டும் மீறலாகாது என விலக்கும் அளித்தது. பெற்றோருடன் வரும் குழந்தைக்கும் கட்சியால் கொண்டுவரப்படும் குழந்தைக்கும் இடையே ஆணையம் இவ்வாறு கோடு கிழித்தது.

அதே ஆணையம் குழந்தையை வேறொரு வழியில் பயன்படுத்தவும் தயங்கவில்லை. வாக்காளர் விழிப்புணர்வுத் திட்டத்தின்கீழ், தவறாமல் வாக்களிப்போம் என்ற உறுதிமொழிப் படிவத்தில் பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரின் கையொப்பம் பெற்று வரும் ஏற்பாடு பல மாநிலங்களில் நடைபெற்றது; 2018 தேசிய வாக்காளர் நாளன்று பள்ளிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களும் தொடங்கப்பட்டன. தாய் பிள்ளையை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்ற நிலை மாறி, பிள்ளை தாயை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இதன் நோக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1988இல் தொடங்கப்பட்ட ‘கிட்ஸ் வோட்டிங்’ இயக்கமும், வாக்களிப்பு மிகுந்த கோஸ்டா ரிக்கா நாட்டில் பெற்றோருடன் பிள்ளைகளும் வாக்குச்சாவடிக்குச் செல்வதைக் கண்டு உருவானதே. பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தல் விதிகளோ, வாக்காளருடன் வரும் 18 வயதுக்குட்பட்டவரை உள்ளே அனுமதிக்கத்தக்கோர் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்துள்ளன.

இவற்றோடு ஒப்பிடும்போது கைக்குழந்தைப் பருவம் கடந்த பிள்ளை உள்ளே வரலாமா என்ற கேள்வியை இந்திய விதி விடையின்றி விட்டிருப்பது தெரிகிறது. 1989இல் நடைமுறைக்கு வந்த 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 1982இல் கேரளத்தின் பரவூரில் சோதித்துப் பார்க்கப்பட்ட வாக்குப்பதிவு இயந்திரம் 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதற்கும் வந்தது. 2019இல் ஒப்புகைச் சீட்டுக் கருவியும் எல்லாச் சாவடிகளிலும் இணைந்தது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும், உள்ளே வரத்தக்கோர் பட்டியலில் குழந்தையைக் குறிக்கும் சொல் மாறவில்லை. கற்பிக்கும் நோக்கத்தில் யாரும் குழந்தையை வாக்குச்சாவடிக்குள் கொண்டுவரவில்லை. விட்டுவர இடமில்லாத தாய்மார் கொண்டுவந்தனர். ஆயினும் எந்தப் பாடநூலும் கற்பிக்காததை, அதாவது தாயின் பெயர் ஏட்டில் இருக்கிறது என்பதையும், அவள் தனியே சென்று எடுக்கும் முடிவை அருகில் நிற்கும் கணவனோ ஊர்ப் பெரியவரோ கேட்கக் கூடாது என்பதையும், அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். 49டி விதி இன்றும் கைக்குழந்தை என்றே சொல்கிறது. நடக்கத் தெரிந்த பிள்ளை உள்ளே நிற்பது தலைமை அலுவலரின் கண்ணோட்டத்தால் மட்டுமே.